மார்ச் ஐந்துக்குள் ஒரு கையெழுத்து

1951 ஜனவரி 9, செவ்வாய். மெர்லிமாவ், மலாயா.

மலாக்கா டயர் கடைத் தவுக்கே, சீன முதலாளி, வருஷா வருஷம் என் வீட்டுக்காரருக்கு ஒரு டைரி கொடுத்தனுப்புவார். வீட்டுக்காரரும் அதை வருஷா வருஷம் பத்திரமாக அலமாரியில் வைத்துப் பூட்டுவார். எழுதிக் கெடுத்துவிடக் கூடாது என்ற நல்லெண்ணம். இந்த வருஷம் டைரி வந்துவிட்டது, பூட்டி வைக்கத்தான் ஆள் இல்லை. ஆகவே நான் எழுதிக் கெடுக்கிறேன்.

போன டிசம்பர் 13ஆம் தேதி சுங்கை ரம்பாய் சாலையில் லாரியை நிறுத்தினார்கள். அனுமதிக்கு மேல் இரண்டு மூட்டை அரிசி. காட்டில் ஒளிந்திருக்கும் கம்யூனிஸ்ட்டுகளுக்குச் சோறு போடுகிறான் என்று சொல்லி, லாரியையும் கொண்டு போனார்கள், அதை ஓட்டிய என் வீட்டுக்காரர் வீரமுத்துவையும் கொண்டு போனார்கள். லாரி எங்கே நிற்கிறது என்று சொல்லிவிட்டார்கள். மனுஷன் எங்கே என்றுதான் சொல்ல மாட்டோம் என்கிறார்கள்.

மறுநாள் வீட்டைச் சோதனை போட்டார்கள். மகள் மங்களத்தின் வாய்ப்பாட்டுப் புத்தகம் போயிற்று. பதினாறாம் வாய்ப்பாட்டில் ஏதோ சங்கேதம் இருக்கலாமாம். இருக்கலாம். எனக்கே அது இன்றுவரை புரிந்ததில்லை.

ஜனவரி 11

ஸ்டேஷனில் இன்று ஒரு புது சார்ஜன்ட். அந்த ஆளுக்கு நீ என்ன உறவு என்றார். மனைவி என்றேன். அத்தாட்சி கேட்டார். கழுத்தைக் காட்டினேன். ரப்பர் முத்திரை இல்லாத தாலி செல்லாது போலிருக்கிறது.

ஜனவரி 14, ஞாயிறு

பொங்கல். பொங்கவில்லை.

ஜனவரி 20, சனி

ஆர்டர் வந்துவிட்டது. அவசரகாலச் சட்டப்படி இரண்டு வருஷக் காவல். விசாரணை கிடையாது, வழக்கு கிடையாது. இடம் குறிப்பிடப்படவில்லை. பார்க்க விரும்பினால் மனுச் செய்யலாம் என்று கீழே ஒரு வரி. மூன்று மனு ஏற்கனவே செய்தாயிற்று. மூன்றும் மேசை மேசையாக ஊர்சுற்றிப் பார்த்துக்கொண்டிருக்கின்றன.

அண்ணன் பாலகிருஷ்ணன் மலாக்காவில் சர்க்கார் ஆபீஸில் தலைமைக் குமாஸ்தா. அவரிடமிருந்து கடிதம். தோட்டத்துக் கூலி லயத்தில் பிறந்த லாரிக்காரனைக் கட்டாதே என்று பத்து வருஷம் முன்பே சொன்னாராம். (சொன்னார். உண்மை.) இப்போது தன் வேலைக்கு ஆபத்து வரக்கூடும் என்பதால் கொஞ்ச நாளைக்கு நான் அந்தப் பக்கம் வராமல் இருப்பது "எல்லோருக்கும் நலம்" என்று முடித்திருக்கிறார். கையெழுத்து அழகாக இருக்கிறது. கோடு போட்ட மாதிரி.

மாமியார் பெரியநாயகி இன்று விடியற்காலை தலையில் துண்டைக் கட்டிக்கொண்டு ரப்பர் பால்வெட்டப் போய்விட்டார். ஆறு வருஷமாகத் தொடாத கத்தி. கத்தியைத் தீட்டும் சத்தம்தான் கேட்டது.

பிப்ரவரி 7, புதன்

மன்னர் பெருமானின் சேவையில் என்று அச்சடித்த நீள உறை. ஓரத்தைக் கிழித்துப் பிரித்தேன். விடுதலை என்று நினைத்தேன். எவ்வளவு பெரிய முட்டாள்.

வருமான வரி.

திரு. வீரமுத்து, லாரி முதலாளி, மெர்லிமாவ். சென்ற வருஷத்து வருமானத்தை இத்துடன் இணைத்துள்ள பாரத்தில் (படிவத்தில்) நிரப்பி, தாமே கையெழுத்திட்டு, இந்த நோட்டீஸ் தேதியிலிருந்து முப்பது நாளுக்குள் சேர்ப்பிக்க வேண்டியது. தவறினால் அபராதம். தொடர்ந்து தவறினால் சிறை.

நோட்டீஸ் தேதி பிப்ரவரி 3. விரல் விட்டு எண்ணினேன். கெடு மார்ச் 5, திங்கள்.

மூன்று வருஷம் முன் இந்த வரியைக் கொண்டு வந்தார்கள். அப்போது எங்கள் சம்பாத்தியம் அதன் கண்ணுக்கே தெரியாத அளவில் இருந்தது. கொரியாவில் சண்டை வந்தது, ரப்பர் விலை ஏறியது, லாரி வாடகையும் ஏறியது. இப்போது கண்ணில் பட்டுவிட்டோம். நல்ல நேரத்தில்.

அத்தைக்குப் படித்துக் காட்டினேன். வெற்றிலையை மென்றுகொண்டே கேட்டார். "அவங்க புடிச்சு வச்ச ஆள அவங்களே தேடுறாங்களா?"

ஆமாம் அத்தை. இடது கை பிடித்து வைத்திருக்கிறது, வலது கை கதவைத் தட்டுகிறது. தவறினால் சிறையில் போடுவார்களாம். சிறையில் இருப்பவரை எந்தச் சிறையில் போடுவார்கள்? அதையும் பாரத்தின் பின்பக்கத்தில் அச்சடித்திருக்கலாம்.

பாரம் என்று சரியாகத்தான் பெயர் வைத்திருக்கிறார்கள்.

பிப்ரவரி 9, வெள்ளி

மலாக்காவுக்குப் போனேன். பஸ்ஸை இரண்டு இடத்தில் நிறுத்தி இறக்கிச் சோதித்தார்கள். என் கைப்பையில் வரி பாரத்தைப் பார்த்த போலீஸ்காரர் அனுதாபத்தோடு திருப்பிக் கொடுத்தார்.

வரி ஆபீஸ் கவுண்டரில் ஒரு தமிழர். கணேசமூர்த்தி என்று பலகை. ஐம்பது வயது இருக்கும். ஒல்லியான ஆள், சட்டைப் பையில் நான்கு பென்சில், நான்கும் ஒரே நீளம். என் கணவர் காவலில் இருக்கிறார், நானே நிரப்பிக் கையெழுத்துப் போடலாமா என்று கேட்டேன். காவல் என்றதும் மற்றவர்கள் அரை அடி பின்னால் நகர்வார்கள். இந்த மனுஷன் நகரவில்லை. சட்டப் புத்தகத்தை எடுத்துப் புரட்டினார். மைனருக்கு ஒரு பிரிவு இருக்கிறது. செத்துப்போனவருக்கு ஒரு பிரிவு. சித்தம் கலங்கியவருக்கும் கடல் கடந்து போனவருக்கும்கூட உண்டு. அரை மணி நேரம் பொறுமையாகத் தேடினார்.

"சர்க்காரே புடிச்சு வச்சவங்களுக்கு ஒரு பிரிவும் இல்லம்மா. அதனால சாதாரண விதிதான். அவரு கையெழுத்துதான் வேணும்."

அவர் எங்கே இருக்கிறார் என்றே எனக்குத் தெரியாதே என்றேன்.

"அது எங்க இலாகா இல்ல."

எனக்கு வந்த கோபத்துக்கு அந்த நான்கு பென்சிலையும் உடைத்திருப்பேன். அப்புறம் அவர் முகத்தைப் பார்த்தேன். அதில் கேலியும் இல்லை, பயமும் இல்லை. விதி என்றால் விதி என்று நினைக்கிற, கலப்படமில்லாத முகம். சட்டென்று ஒன்று தோன்றியது.

இப்போது என்னிடம் சொன்னதை அப்படியே ஒரு கடிதமாக எழுதித் தருவீர்களா என்று கேட்டேன். இன்னார் தம் கைப்படக் கையெழுத்திடுவது சட்டப்படி கட்டாயம், மார்ச் ஐந்துக்குள், சம்பந்தப்பட்டவர்கள் உதவ வேண்டும் என்று.

அந்த மனுஷன் முகம் மலர்ந்ததே. சரியான விஷயத்தை எழுத்தில் கேட்க ஒருத்தி வந்தாளே என்ற சந்தோஷம். தானே டைப் அடித்து, பெரிய துரையிடம் கையெழுத்து வாங்கி, இரண்டு முத்திரை குத்திக் கொடுத்தார். வரும்போது கணக்குப் புத்தகத்தையும் கொண்டு வர வேண்டும் என்று ஞாபகமாகச் சொல்லி அனுப்பினார்.

பிப்ரவரி 12, திங்கள்

கடிதத்தைப் போலீஸ் தலைமை ஆபீஸில் கொடுத்தேன். ஒரு வெள்ளைக்கார இளவட்டம் இரண்டு முறை படித்தது. என்னைப் பார்த்தது. மறுபடி படித்தது. வரி இலாகா என்றால் அவர்களுக்கும் பயம் போலிருக்கிறது. அவர்களும் பாரம் நிரப்புகிறவர்கள்தானே.

பிப்ரவரி 17, சனி

புருஷனைப் பார்க்க மூன்று மனு. ஏழு வாரம். பதில் இல்லை.

வரி கட்டுகிறவரைப் பார்க்க ஒரு கடிதம். ஐந்தே நாள். அனுமதி.

பிப்ரவரி 27, காலை பத்து மணி, அரை மணி நேரம். "வரிப் படிவத்தில் கையொப்பம் பெறும் பொருட்டு மட்டும்." வேறு பேச்சு கூடாது. நிரப்பிய பாரத்தோடு வர வேண்டும். கடலோரத்தில் இருக்கிற முகாம். இங்கிருந்து இரண்டு மணி நேரப் பயணம். இத்தனை நாள் இவ்வளவு பக்கத்திலா இருந்தார்?

குளியலறைக்குப் போய்த் தண்ணீரைத் திறந்துவிட்டு அழுதேன். மங்களம் கதவைத் தட்டித் தண்ணீர் வீணாகிறது அம்மா என்றாள்.

பிப்ரவரி 20, செவ்வாய்

பாரம் நிரப்ப ஆரம்பித்தேன். கான்வென்டில் ஏழாம் வகுப்பு வரை படித்த இங்கிலீஷுக்குக் கடைசியில் ஒரு உபயோகம்.

கணக்கெல்லாம் அவர் சின்ன நோட்டில் இருக்கிறது. வீட்டையே புரட்டிய போலீஸ் கண்ணில் அது படவில்லை. காரணம், அத்தையின் வெற்றிலைப் பையைத் தொட எந்தப் போலீஸுக்கும் துணிச்சல் வரவில்லை.

பெட்ரோல், டயர், கூலி, சாலைவரி. மாசா மாசம் ஒரே மாதிரி. நடுவில் ஒரு வரி. "கோயில் வரி 30." போன வருஷம் மார்ச்சிலிருந்து ஒரு மாசம் தவறவில்லை.

எந்தக் கோயில்? தைப்பூச உண்டியலில் ஒரு வெள்ளிக் காசு போடவே யோசிக்கிற மனுஷன்.

சாயங்காலம் அத்தை வந்ததும் கேட்டேன். பால் வாளியைக் கழுவிக் கவிழ்த்து வைத்தார். வாசல் கதவைச் சாத்தினார். பிறகுதான் வாயைத் திறந்தார்.

"உள்ள இருக்குற கோயிலு."

உள்ளே. காட்டுக்குள்ளே.

போன வருஷம் பிப்ரவரியில் மூன்று பேர் வந்தார்களாம். நான் பிரசவம் பார்க்க மச்சினி வீட்டுக்குப் போயிருந்த வாரம். ஒருவன் தமிழனாம். மரியாதையாகப் பேசினார்களாம். பக்கத்துத் தோட்டத்து லாரி எரிந்த கதையைச் சொன்னார்களாம். அதை எரித்ததே அவர்கள்தான் என்பதால் விவரமாகச் சொல்ல முடிந்திருக்கிறது. "குடுத்தா லாரி இருக்கும். குடுக்கலன்னா லாரியும் இருக்காது, ஓட்டுறவனும் இருக்க மாட்டான். நீ சொல்லு, குடுக்காம என்னா செய்றது?" என்றார் அத்தை.

என்னிடம் ஏன் சொல்லவில்லை? ஒரு வருஷம். ஒரே பாயில் படுத்துக்கொண்டு. எனக்குத் தெரியக் கூடாதுன்னு ரெண்டு பேரும் சேந்து முடிவு பண்ணிட்டாங்க. நான் என்ன, வீட்டுக்கு வந்த விருந்தாளியா?

பிப்ரவரி 21

கோபம் கொஞ்சம் ஆறியிருக்கிறது. பாரத்தின் விளக்கக் குறிப்பைப் படிக்கிறேன். வருமானத்தை ஈட்டுவதற்கென்றே, முழுக்க முழுக்க அதற்காகவே, செய்த செலவைக் கழித்துக்கொள்ளலாமாம்.

யோசித்தால் இதைவிடப் பொருத்தமான செலவு உலகத்திலேயே இல்லை. பெட்ரோல் இல்லாவிட்டால் லாரி நிற்கும், அவ்வளவுதான். அந்த முப்பது வெள்ளி இல்லாவிட்டால் லாரி சாம்பலாகும். எழுதினால் சர்க்கார் வரியைக் குறைத்துக்கொள்ளும், ஆளைத் தூக்கில் போடும். எழுதாவிட்டால் அந்தப் பணத்துக்கும் சேர்த்து வரி. காட்டுக்குக் கட்டிய வரிக்கு நாட்டுக்கு ஒரு வரி. இரண்டு அரசாங்கத்துக்கும் ஒழுங்காகக் கட்டிய குடிமகன் மெர்லிமாவில் என் வீட்டுக்காரர் ஒருவராகத்தான் இருப்பார்.

ஆனால் அந்த இரண்டு மூட்டை அரிசி? அதுவும் கோயிலுக்கா? பயந்து பணம் கொடுப்பது ஒன்று. மூட்டை ஏற்றிக்கொண்டு போய்க் கொடுப்பது வேறு. அத்தைக்கும் தெரியவில்லை. தெரியாமல் நான் யாரிடம் போய், எதைச் சொல்லி, அவருக்காக வாதாடுவது?

பிப்ரவரி 27, செவ்வாய்

நிதானமாக எழுத வேண்டும். ஒரு வார்த்தை விடாமல்.

மூன்று கம்பிவேலி. மூன்றிலும் சோதனை. பிறகு தகரக் கூரை போட்ட அறை, ஒரு மேசை, இரண்டு நாற்காலி. தமிழ் தெரிந்த போலீஸ்காரர் ஒருவர் மேசை ஓரத்தில் நின்றார். பாரத்தைப் பற்றி மட்டும் பேச வேண்டும், வேறு பேசினால் நிறுத்திவிடுவேன் என்றார். சின்ன வயது. அவருக்கே அது பிடிக்கவில்லை என்று தெரிந்தது.

வீட்டுக்காரரைக் கூட்டி வந்தார்கள். தலையை ஒட்ட வெட்டியிருக்கிறார்கள். காது பெரிதாகிவிட்டது. சட்டை அவருடையதுதான், உள்ளே இருக்கிற ஆள்தான் பாதி.

நான் பாரத்தை விரித்தேன்.

"பேரு?"

"வீரமுத்து," என்றார்.

"மனைவி கூட வாழுறாளான்னு கேட்டிருக்கு."

என்னையே பார்த்தார். "ஆமான்னு போடு."

"பிள்ளைங்க?"

"ஒன்னு. பள்ளிக்கூடம் போவுதா?"

போலீஸ்காரர் நிமிர்ந்தார். பிள்ளை படிக்கிறதா என்பது பாரத்தில் இருக்கிறது என்று அந்த இடத்தைக் காட்டினேன். இருந்தது. வரி இலாகா வாழ்க. போகிறாள், ரெண்டாம் வகுப்பு, கணக்கில் அப்பா மாதிரி மக்கு என்றேன். அவர் உதடு லேசாக அசைந்தது. சிரிப்பு என்று வைத்துக்கொண்டேன்.

பெரியவர்கள் யாரையாவது ஆதரிக்கிறாரா என்று ஒரு கேள்வி. அத்தை மறுபடி பால்வெட்டுகிறார் என்று அதில் சொன்னேன். தலையைக் குனிந்துகொண்டார்.

அப்புறம் செலவுக் கட்டம்.

"கோயிலுக்கு மாசம் முப்பது வெள்ளி எழுதியிருக்கீங்க. சேக்கவா?"

அவர் என் முகத்தைப் பார்த்தார். எனக்குத் தெரிந்துவிட்டது என்று தெரிந்துகொண்டார்.

"அது வேண்டுதல்," என்றார். "எழுதக் கூடாது. எழுதுனா பலிக்காது."

"ரெண்டு மூட்டை அரிசி? அதுவும் வேண்டுதலா?"

போலீஸ்காரர் ஒரு அடி முன்னால் வந்தார். வீட்டுக்காரர் பதறவில்லை. என் கண்ணைப் பார்த்தே சொன்னார்.

"இல்ல. மாரியம்மா மேல சத்தியமா இல்ல. அது லயத்துக்கு. ராமாத்தாள் மவ கல்யாணம், மறுநாளு. ஐநூறு இலைக்கு ரேசன் அரிசி பத்துமா? அதான் ஏத்துனேன். அவங்ககிட்ட அன்னிக்கே சொன்னேன். யாரும் போய்க் கேக்கல."

அது லாரி வாடகை சம்பந்தப்பட்டது என்று போலீஸ்காரரிடம் சொன்னேன். அவர் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். நல்லா இருக்கட்டும்.

கையெழுத்துப் போடும் இடத்தைக் காட்டினேன். பேனாவைப் பிடிக்க முடியவில்லை. தமிழில், ஒவ்வொரு எழுத்தாக, பள்ளிக்கூடத்துப் பிள்ளை மாதிரி எழுதினார். எழுதி முடித்ததும் மேலே மொத்த வருமானத்தைப் பார்த்தார்.

"இவ்வளவா சம்பாதிச்சேன்?"

"ஆமா."

"அப்ப ஒனக்கு ஒரு நல்ல சேல எடுத்திருக்கலாம் லா."

நேரமாகிவிட்டது என்றார்கள்.

மார்ச் 1, வியாழன்

புது நோட்டு ஒன்று வாங்கினேன். மலாக்காவில் இல்லை, மெர்லிமாவிலும் இல்லை. யாருக்கும் என்னைத் தெரியாத கடையில்.

அவர் எழுத்தை நான் எழுதப் பழகுகிறேன். பத்து வருஷக் குடித்தனத்தில் அவரைப் போல எழுத வரும் என்று நினைத்ததில்லை. "டயர்" என்பதை எப்போதும் "டயறு" என்றுதான் எழுதுவார். நானும் அப்படியே எழுதினேன். கான்வென்ட் சிஸ்டர்கள் மன்னிக்கட்டும்.

பன்னிரண்டு மாசம், ஒரே மத்தியானம். கோயில் மட்டும் இல்லை. பழைய நோட்டு அடுப்பில். வெந்நீர் நன்றாகச் சுட்டது.

மார்ச் 3, சனி

போக முடியவில்லை. சாலையில் எங்கோ சுட்டுக்கொண்டார்களாம். பஸ் இல்லை. நாளை ஞாயிறு. இனி இருப்பது திங்கள் ஒரு நாள்தான். கெடு நாள்.

மார்ச் 5, திங்கள்

காலை முதல் பஸ் வரவில்லை. இரண்டாவது பஸ்ஸை மூன்று இடத்தில் நிறுத்தினார்கள். மூன்றாவது இடத்தில் பெண்களைத் தனியே கொட்டகைக்குள் கூட்டிப் போய்ச் சோதித்தார்கள். கொண்டையைக்கூட அவிழ்த்துப் பார்த்தார்கள். வெயிலில் இரண்டு மணி நேரம். நான் பாரத்தை ரவிக்கைக்குள் வைத்திருந்தேன். சோதித்த பெண் அதை எடுத்துப் பிரித்து, வரி பாரமா என்று கேட்டு, பாவம் என்றாள்.

நான்கு மணிக்குக் கவுண்டர் மூடுவார்கள். மூன்று நாற்பதுக்கு உள்ளே நுழைந்தேன், அவிழ்ந்த தலையோடு, கண்ணகி மாதிரி. ஊரை எரிக்க வரவில்லை, வரி பாரம் கொடுக்கத்தான் வந்தேன் என்பது ஒன்றுதான் வித்தியாசம்.

கணேசமூர்த்தி பாரத்தைப் பார்த்தார். கையெழுத்தைப் பார்த்தார். திருப்தி. அப்புறம் நோட்டை எடுத்தார். முதல் பக்கத்திலிருந்து கடைசிப் பக்கம் வரை, அவசரமே இல்லாமல். ஒரு பக்கத்தை வெளிச்சத்தில் சாய்த்தார். தாளை விரலால் தடவினார்.

"ஜனவரியில ஊத்துன மை டிசம்பர் வரைக்கும் வந்திருக்கும்மா," என்றார். நிமிரவில்லை. "ஒரு வருசம் பூரா ஒரே குப்பி."

நான் அவிழ்ந்த தலையை அள்ளி முடிந்துகொண்டேன்.

நோட்டை மூடினார். மேசைமேல் தட்டி ஓரத்தைச் சரிபண்ணினார். கடிகாரத்தைப் பார்த்தார்.

"சிக்கனமான மனுசரு போல," என்றார். முத்திரையை எடுத்து ரசீதில் குத்தினார். "மார்ச் அஞ்சு. கெடுவுக்குள்ள வந்திருக்கு. எனக்கு அது போதும்."

நோட்டைத் திருப்பிக் கொடுத்துவிட்டார். அதைத் தன்னிடம் வைத்துக்கொள்ள எந்த விதியும் இல்லையாம். நான் கேட்காமலே சொன்னார்.

மார்ச் 11, ஞாயிறு

காவல் மனுக்களைக் கேட்கும் ஆலோசனைக் குழுவுக்கு அரிசி பற்றிச் சாட்சி தேடி, அத்தையோடு தோட்டத்துக்குப் போனேன். ராமாத்தாள் எங்களைப் பார்த்ததும் லயத்துக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். குற்றம் சொல்ல முடியாது. அரிசி தன் மகள் கல்யாணத்துக்கு வந்தது என்று அவள் எழுதிக் கொடுத்தால் அடுத்து அவள் வீட்டைப் புரட்டுவார்கள்.

நான் நியாயம், சட்டம், ஆலோசனைக் குழு என்று இங்கிலீஷ் கலந்து பேசிப் பார்த்தேன். கதவு கேட்கவில்லை. அத்தை படியில் உட்கார்ந்தார். இருவரும் இருபது வருஷம் ஒரே வரிசை மரத்தில் வெட்டியவர்கள்.

"ராமாத்தா. ஒம் மவ சம்பந்தி வீட்டுல அரிசி இல்லேன்னு தலகுனிஞ்சிடக் கூடாதுன்னு எம் மவன் போனான். நீ கேட்டுத்தான் போனான். நான் வேற ஒன்னும் கேக்கல. நீ கேட்டியா இல்லியா, அத மட்டும் சொல்லு."

ரொம்ப நேரம் கழித்துக் கதவு திறந்தது. ராமாத்தாள் கட்டை விரலை நீட்டிக்கொண்டே வந்தாள்.

மாப்பிள்ளைப் பையனும் கையெழுத்துப் போட்டான். தோட்டத்துக் கிராணி, கணக்கெழுதும் குமாஸ்தா, கல்யாணத் தேதியை மட்டும் உறுதி செய்து கொடுத்தார். அதற்கு மேல் கேட்காதீர்கள் என்று கும்பிட்டார்.

ஏப்ரல் 24, செவ்வாய்

ஆலோசனைக் குழு முன்னால் இன்று அவர் மனு. என்னை வராந்தாவில் உட்கார வைத்தார்கள். ராமாத்தாளை உள்ளே கூப்பிட்டார்கள். வெளியே வந்தபோது சேலை முதுகோடு நனைந்து ஒட்டியிருந்தது. கேட்டதையே நாலு தரம் கேட்டாங்க, நாலு தரமும் ஒன்னையே சொன்னேன் என்றாள்.

முடிவு பிறகு வருமாம். நாங்கள் அமர்த்திய வக்கீல் மட்டும் சிரித்த முகமாக வந்தார். குழுத் தலைவர் கோப்பில் வரி இலாகாவின் ரசீதைப் பார்த்துவிட்டு நெடுநேரம் வைத்திருந்தாராம். காவலில் இருந்துகொண்டே வருமான வரி பாரத்தைக் கெடுவுக்குள் அனுப்புகிற கம்யூனிஸ்ட்டை அவர் பார்த்ததில்லையாம். பக்கத்திலிருந்தவர், தானே இன்னும் அனுப்பவில்லை என்றாராம். எல்லோரும் சிரித்தார்களாம்.

உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு உண்மையைச் சொன்னவள் ராமாத்தாள். பேர் வாங்கியது ரசீது. அந்த ரசீதுக்குப் பின்னால் இருக்கிற நோட்டில்தான் இந்த வருஷம் நான் எழுதிய ஒரே பொய். அதற்கு மட்டும் யாரும் அத்தாட்சி கேட்கவில்லை.

காட்டுக்குப் பணம் கொடுத்தாயா என்று அவரையும் கேட்டிருக்கிறார்கள். இல்லை என்றிருக்கிறார். எப்படிச் சொன்னாரோ. பொய் சொன்னால் காது சிவக்கும் மனுஷன்.

மே 8

வரித் தொகை வந்துவிட்டது. கோயில் பணத்துக்கும் சேர்த்துத்தான். வளையலை அடகு வைத்துக் கெடுவுக்கு நான்கு நாள் முன்னதாகவே கட்டினேன். கணேசமூர்த்தி எழுந்து நின்று ரசீது கொடுத்தார்.

மே 25, வெள்ளி

விடுதலை ஆர்டர்!

நிபந்தனைகளோடு. மெர்லிமாவ் டவுன் எல்லையைத் தாண்டக் கூடாது. லாரி பர்மிட் ரத்து. சனிக்கிழமைதோறும் மாலை ஐந்து மணிக்குள் ஸ்டேஷனில் கையெழுத்து. தவறினால் திரும்பவும் உள்ளே. பரவாயில்லை. பரவாயில்லை. பரவாயில்லை.

ஜூன் 2, சனி

வந்துவிட்டார். மங்களம் கதவுக்குப் பின்னால் ஒளிந்துகொண்டாள். அத்தை குளிக்க வெந்நீர் வைத்தார். நான் என்ன செய்தேன் என்று ஞாபகமில்லை.

ஜூன் 19

இரவில் தூங்குவதில்லை. சாலையில் லாரிச் சத்தம் கேட்டால் எழுந்து நிற்கிறார். விடியும்வரை சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருக்கிறார். பகலிலும் கண்ணை மூடுவதில்லை. என்னாங்க என்று கேட்டால் ஒன்றுமில்லை என்கிறார். காது சிவக்கிறது.

லாரியை விற்றுவிட்டோம். எல்லை தாண்ட முடியாதவருக்கு லாரி எதற்கு?

ஜூன் 30, சனி

எப்படியோ ஊருக்குள் பேச்சுப் பரவிவிட்டது. காவலில் இருக்கிறவனுக்கே வரி பாரம் நிரப்பிய பொம்பளை என்று. முதலில் துணிக்கடைக்காரர் வந்தார். கெடு தாண்டி இரண்டு மாசம், அபராத நோட்டீஸ் கையில். அப்புறம் இரண்டு தோட்டத்துக் கிராணி, ஒரு சீன மளிகைக்கடை. இன்று முன்னறையில் ஆறு பேர். வீட்டுக்காரர் எல்லோருக்கும் தேத்தண்ணி கலக்கிக் கொடுக்கிறார். நன்றாகவே கலக்குகிறார். பேசத்தான் மாட்டேன் என்கிறார்.

சுவரில் ஒரு அட்டை மாட்டியிருக்கிறேன். யார், எந்தத் தேதிக்குள் என்று. எல்லோரும் அந்த அட்டையை மாரியம்மன் படம் மாதிரி பயபக்தியோடு பார்த்துவிட்டுப் போகிறார்கள்.

நேற்று அண்ணி மலாக்காவிலிருந்து வந்திருந்தார். பலகாரம் கொண்டு வந்தார். கிளம்பும்போது கைப்பையிலிருந்து ஒரு நீள உறை. தலைமைக் குமாஸ்தா பாலகிருஷ்ணனுக்கு நோட்டீஸாம். அவருக்கு நேரமில்லையாம். நிரப்பிக் கொடுக்கிறேன் என்றேன். அவர் நேரில் வந்து கையெழுத்துப் போட வேண்டும், விதி அப்படி என்றும் சொன்னேன்.

ஜூலை 14, சனி

மணி நான்கு இருபத்தைந்து.

சனிக்கிழமையென்றால் மூன்று மணிக்கே சட்டையை மாட்டிக்கொண்டு கிளம்பிவிடுவார். ஸ்டேஷன் பெஞ்சில் காத்திருந்து, அவர்கள் புத்தகத்தை நீட்டியதும் கையெழுத்துப் போட்டுவிட்டு வருவார். ஐந்து வாரமாக அப்படித்தான்.

இன்று சாப்பிட்டுவிட்டு மங்களத்துக்குக் கணக்குச் சொல்லிக்கொண்டிருந்தார். திரும்பிப் பார்த்தால் பாயில் சாய்ந்திருக்கிறார். வாய் லேசாகத் திறந்திருக்கிறது. சாலையில் இப்போதுதான் ஒரு லாரி போனது. பெரிய லாரி, ஜன்னல் அதிர்ந்தது. அசையவில்லை.

குறட்டை விடுகிறார்.

மங்களத்தை வாசலுக்கு அனுப்பிவிட்டேன். பாரத்தோடு வந்த கிராணியை நாளை வரச் சொன்னேன். சைக்கிளில் போனால் ஸ்டேஷன் ஏழு நிமிஷம். சட்டை மாட்ட இரண்டு நிமிஷம். நாலரைக்கு எழுப்பலாம். இல்லை, நாலு முப்பத்தைந்து.

நாலு முப்பத்தைந்து ஆகிவிட்டது.

அத்தை வந்து நின்று பார்த்தார். மகனைப் பார்த்தார், கடிகாரத்தைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். எழுப்பலையா என்று சைகையில் கேட்டார்.

"இன்னும் பத்து நிமிசம் இருக்கு அத்தை," என்றேன்.